சாராயக்கடை வாசலில் நின்றுபோகும் வண்டி

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்கூட முடியவில்லை, என் கணவர் குடிகாரர் என்ற செய்தி நெரவி முழுக்கப் பரவிவிட்டது. கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான்.

எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் வந்தார். கொல்லைப்புறம்வரை என்னோடு நடந்து, மரத்தடியில் நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒன் வீட்டுக்காரரு தெனமும் நெடுங்காடு ரோட்டுல சாராயக்கட வாசல்ல நிக்கிறாராம். எங்க வீட்டுக்காரரே நாலஞ்சு தடவ பாத்திருக்காரு."

"அவரு அங்க எதுக்குப் போனாருக்கா?"

"யாரு?"

"ஒங்க வீட்டுக்காரரு."

அக்கா கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கடை. தஞ்சாவூர் ஜில்லாவே தொண்டை காய்ந்து, பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரன் எங்கள் ஊர் வரப்பில் விழுந்து கிடந்தால், பாவம், தூரத்திலிருந்து வந்திருக்கிறான் என்று துண்டை எடுத்துப் போர்த்திவிடுவார்கள். உள்ளூர்க்காரன், அதுவும் விவசாய இலாகாவின் நெடுங்காடு ஆபீசில் சம்பளம் வாங்குகிறவன், கடை வாசலில் நின்றால்தான் ஊருக்குப் பொறுக்காது.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் நேராகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அழுகை வரும்போல் ஆகிவிட்டார்.

"நான் எங்க நிக்கிறேன்? வண்டி நிக்குது. கரெக்டா அந்தக் கட வாசல்லயே நிக்குது. தள்ளிக்கிட்டுப் போயி வேற எடத்துல நிப்பாட்டலாம்னா, ரோட்டுல போறவன்லாம், சார் தள்ளாடுறாருன்னு சொல்றான்."

"நம்புற மாதிரியா இருக்கு?"

"ஞாயித்துக்கெழம வா. பின்னால ஒக்காந்து நீயே பாரு."

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்குப் புறப்பட்டபோது கழித்துக்கட்டிய பழைய மோட்டார் சைக்கிள். தவளை நிறம். ஒரு மைல் தூரத்தில் வரும்போதே அவல் இடிக்கிற சத்தம் கேட்கும். அதை இவர் ஒரு சனிக்கிழமையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என் மாமியாருக்கு அதுதான் பெரிய குறை. திருநள்ளாறு எங்களுக்குக் கூப்பிடு தூரம். தேசம் முழுக்க இருந்து வந்து அங்கே குளத்தில் முங்கிச் சனியைக் கழித்துவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கழித்த சனியெல்லாம் எங்கே போகும்? பக்கத்து ஊர்க்காரன் தலைக்குத்தான் வரும் என்பது அத்தையின் கணிப்பு. அதனால் வண்டி வந்த நாளிலிருந்து, காலையில் சாமிக்குப் பூ வைத்த கையோடு வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். சாமிக்குக்கூடச் சில நாள் சந்தனம் குறையும், வண்டிக்குக் குறைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். நெரவியிலிருந்து டவுனைத் தாண்டி, நெடுங்காடு சாலையில் திரும்பி, இருபக்கமும் நடவு முடிந்த வயல்கள். வண்டி அழகாகத்தான் ஓடியது. எனக்குச் சந்தேகம் வலுத்துக்கொண்டே வந்தது. அப்புறம் அது ஒரு தரம் விக்கியது. இன்னொரு தரம் விக்கியது. மூச்சு அடைத்ததுபோல் இழுத்து இழுத்துப் போய் நின்றது. தலையைத் திருப்பினேன். கீற்றுக் கொட்டகை, பெஞ்சு, புளித்த வாடை. சாராயக்கடை.

"வாங்க சார்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஞாயித்துக்கெழமகூட டூட்டியா?"

குரலுக்கு உரியவர் ஒரு டிராக்டர் டிரைவர். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கிளாசை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அம்மாவும் வந்திருக்காங்களா! யாருப்பா அங்க, அந்த பெஞ்ச எடுத்து நெழல்ல போடுங்க. வெயில்ல நிக்கிறாங்க பாரு."

அப்படித்தான் புதுப்பெண்ணாகிய நான், தலையில் கனகாம்பரத்தோடு, சாராயக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காராமல் இருந்திருக்கலாம். ஆனால் வெயில்.

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் எஞ்சின் தெரிந்திருந்தது. நேராக நிற்கத் தெரியாதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தது. ஒருவர் பிளக் என்றார். ஒருவர் காயில் என்றார். ஒருவர், வண்டிக்கு வயசாகிவிட்டது, எல்லோருக்கும் ஒருநாள் ஆகும் என்று சொல்லிக் கண்கலங்கினார். டிராக்டர் டிரைவர் மட்டும் கடைசிவரை ஒரே வார்த்தையில் நின்றார்.

"கார்ப்பரேட்டர் அடைப்பு சார். கழட்டிக் கழுவணும். வேற ஒண்ணும் இல்ல."

இவர் டாங்கி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடினார். வண்டியை இப்படி அப்படி ஆட்டினார். உதைத்தார். அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. பிளக் என்றவரும் காயில் என்றவரும், தான் சொன்னதால்தான் கிளம்பியது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே நாங்கள் புறப்பட்டோம்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் நெரவியில் செய்தி வளர்ந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போகிறார்களாம். பெஞ்சில் உட்கார்ந்தே குடிக்கிறார்களாம்.

அத்தை காதுக்கும் அது போயிற்று. அவர் நேராக என் கிட்டே வந்து, தலையில் பேன் பார்ப்பதுபோல் மூக்கை நீட்டி, ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"அந்தச் சனியனப் பிரிச்சு மேய்வியோ, ஆத்துல தூக்கிப் போடுவியோ, எனக்குத் தெரியாது. இனிமே அது அங்க நிக்கக் கூடாது."

டவுன் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் ஒரு மாதம் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். அதனால் நாங்களே பிரிப்பது என்று முடிவாயிற்று. இவருக்கு நெற்பயிரின் எல்லா நோயும் தெரியும், எஞ்சின் தெரியாது. எனக்குத் தையல் மிஷின் தெரியும். எங்களிடம் இருந்த படிப்பு அவ்வளவுதான். சொல்தா ஒரு விளக்கப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் கார்ப்பரேட்டரின் படம். வெடிவைத்ததுபோல் அதன் உறுப்புகளெல்லாம் தனித்தனியே காற்றில் பறந்துகொண்டிருந்தன. "இது கழட்டுறதுக்குப் படமா, கழட்டுனா இப்படித்தான் ஆகும்னு எச்சரிக்கையா?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, கொல்லையில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். கார்ப்பரேட்டர் என்பது ஒரு கை அகல அலுமினியச் சாமான். அதன் அடியில் சின்னக் கிண்ணம். டாங்கியிலிருந்து பெட்ரோல் வந்து அதில் தேங்கும். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. கிண்ணம் நிறைந்தால் மிதவை மேலே வந்து வழியை அடைக்கும். எங்கள் வாய்க்கால் மதகு மாதிரிதான். இவருக்கு அது பிடிபட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணி பாய்ச்சற விஷயம்தான்!" என்றார். அதற்குள் நான் மேல்மூடியைத் திருகிவிட்டேன். உள்ளே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் துள்ளி என் நெற்றியில் அடித்தது. அதோடு ஒரு பொடி கிளிப், ஒரு உளுந்தின் பாதி அளவு இருக்கும், மின்னலாகப் பறந்து எங்கோ போய்விட்டது.

தேடினோம். சாக்கை உதறினோம். கோழியைப் பிடித்துச் சந்தேகத்தோடு பார்த்தோம். கொல்லை வாசற்படியில் அத்தை முறத்தில் ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முறத்திலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன, கல்லும் இல்ல, நெல்லும் இல்ல?"

கிளிப். நாங்கள் இருவரும் ஓடினோம். அவர் உடனே கொடுத்துவிடவில்லை.

"இது இல்லாம வண்டி ஓடாதா?"

"ஓடாதும்மா."

"இத்துனூண்டு சாமானுக்கா இந்தப் பாடு?" என்று சொல்லிவிட்டு, அதை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எங்கள் சாக்குக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எதைக் கழற்றினாலும் அதை வாங்கி, ஈயச்சட்டியில் வரிசையாக வைப்பது அவர் வேலை என்று அவரே எடுத்துக்கொண்டார். அது ரசம் வைக்கிற சட்டி என்பதை மண்ணெண்ணெய் ஊற்றிய பிறகுதான் கவனித்தார். அன்றைக்கு அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தோம். சொல்தா காலத்து அழுக்கெல்லாம் தேன் நிறத்தில் இளகி வந்தது. ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு உண்டு. நடுவில் மயிரிழை போகிற அளவுக்கு ஓட்டை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். இவர் தையல் ஊசியை எடுத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டால் ஓட்டை பெருத்துவிடும் என்பது காது குத்திய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் ஒரு துண்டு வாங்கிவந்து விட்டு இழுத்தோம். சைக்கிள் பம்பால் காற்றடித்தோம்.

மிதவையைக் கழுவிக் காதருகே வைத்து, தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளக் தளக் என்றது.

"என்னங்க, இது முத்தின தேங்கா. உள்ள தண்ணி கெடக்கு."

வெந்நீரில் முக்கினோம். ஓரத்திலிருந்து குமிழி வந்தது. பொத்தல். உள்ளே பெட்ரோல் புகுந்த மிதவை எப்படி மிதக்கும்? இவர் என்னைப் பார்த்த பார்வையைப் பொண்ணு பார்க்க வந்த அன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் வடியவிட்டு, காயவைத்து, ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயப்பற்று வைத்துக்கொண்டு வந்தார். காரணம் கிடைத்துவிட்டது, இனி வண்டி நெடுங்காட்டில் போய்த்தான் நிற்கும் என்று இருவரும் நம்பினோம்.

கிண்ணத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த அட்டை பொடிந்துவிட்டது. அதே அளவில் கெட்டி அட்டை வேண்டும். வீடு முழுக்கத் தேடியதில், பீரோவில் மீந்துபோன எங்கள் கல்யாணப் பத்திரிகைகள்தான் தோதாகக் கிடைத்தன. நல்ல அட்டை, வழவழப்பு. நான் வெட்டினேன். வெட்டி முடித்தபோது மணமகன் பெயர் கார்ப்பரேட்டருக்குள் போயிற்று. மணமகள் பெயர் குப்பையில் விழுந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். இன்னொரு பத்திரிகையை எடுத்து, என் பெயரும் உள்ளே போகிறமாதிரி மறுபடி வெட்டினேன்.

எல்லாவற்றையும் பூட்டினோம். ஒன்றும் மிஞ்சவில்லை. அதுவே சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தி அவர் உதைத்தார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? வண்டி பிளிறியது. ஆக்சிலேட்டரை அவர் தொடவே இல்லை. அதுவாகவே உச்சத்துக்குப் போய் அலறியது. புகைக்குழாய் புழுதியை வாரி இறைத்தது. கொல்லை முழுக்க நீலப் புகை. கோழிகள் மதில் ஏறிவிட்டன. இவர் ஹாண்டில்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்துகிறார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை, வண்டியிடமா, என்னிடமா. சாவியைத் திருப்பலாம் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. காற்றுப் போகிற வாய் ஒன்று கார்ப்பரேட்டரின் பின்புறம் திறந்து கிடந்தது கண்ணில் பட்டது. உள்ளங்கையால் அதை அழுத்திப் பொத்தினேன். இரண்டு விக்கலோடு அடங்கிவிட்டது.

வந்த நாளிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு இரு என்று எனக்குத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் நான் பொத்திய முதல் வாய் அது.

புகை விலகியபோது அத்தை கிணற்றடியில் வாளித் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் மேல் ஊற்றுவதா, வண்டிமேல் ஊற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

படத்தை மறுபடி பார்த்தோம். ஏறி இறங்குகிற உருளை ஒன்றை முன்பின் மாற்றிப் போட்டிருந்தோம். திருப்பிப் போட்டதும் வண்டி சாதுவாகிவிட்டது. தெருவில் நாலு சுற்று சுற்றினார். அவல் இடிக்கிற சத்தம்கூடக் குறைந்து, மாவு சலிக்கிற சத்தமாகியிருந்தது. மறுநாள் காலை அவர் பல் துலக்கும்போது தவறான பிரஷை எடுத்துவிட்டு, மத்தியானம்வரை மண்ணெண்ணெய் ஏப்பம் விட்டதைத் தவிர எங்கள் வெற்றியில் ஒரு குறையும் இல்லை.

நானும் கூட இருக்கும்போதுதான் வண்டியை வெளியே எடுப்பது என்று அந்த வாரம் அவர் பஸ்ஸில் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டோம். வெள்ளோட்டம் என்பதால் அத்தை அன்று இரண்டு மடங்கு சந்தனம் அப்பி அனுப்பினார். டவுனைத் தாண்டினோம். நெடுங்காடு சாலையில் திரும்பினோம். நான் முன்னே குனிந்து அவர் காதில், "நம்ம கைராசிதான்" என்று சொல்லி வாய் மூடவில்லை. வண்டி விக்கியது.

கீற்றுக் கொட்டகை. பெஞ்சு. புளித்த வாடை.

"வாங்க சார்!" டிராக்டர் டிரைவர் ஓடிவந்தார். "ஆளக் காணோமேன்னு கவலப்பட்டுட்டோம். ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

எனக்கு அழுகை முட்டியது. முழு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ரசச்சட்டி, இரண்டு கல்யாணப் பத்திரிகை. இவர் தலையில் கைவைத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சைத் தயாராக நிழலில் போட்டு வைத்திருந்தார்கள். கோபத்தில் நான் வண்டியை ஒரு குத்துக் குத்திவிட்டு டாங்கி மூடியைத் திருகினேன். இதற்குமுன் எப்போதும் அவர்தான் திறப்பார். எட்ட இருந்த என் காதில் ஒன்றும் விழுந்ததில்லை. இப்போது விழுந்தது.

ஸ்ஸ்ஸ்.

மூடியை மூடினேன். உதையுங்கள் என்றேன். உதைத்தார். கிளம்பியது.

டின்பால் வாங்கினால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டுக் காற்று உள்ளே போனால்தான் பால் வெளியே வரும். காபி போடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டாங்கியும் ஒரு டின்தானே? அதற்குக் காற்று எங்கே போகிறது?

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே கெட்டியாகக் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சுரண்டினேன். மாதக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தது பத்தையாக வந்தது. அதன் அடியில், சரியாகக் குங்குமப் பொட்டுக்கு நேர் கீழே, குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. சொல்தாவின் கம்பெனிக்காரர்கள் காற்றுக்காக வைத்தது.

வீட்டிலிருந்து கிளம்பிச் சாராயக்கடை வாசல்வரை வருவதற்குள் டாங்கிக்கு மூச்சு அடைத்துவிடும். இவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார், மூச்சு வந்துவிடும். திரும்பி வரும்போது இதே கணக்கில் டவுனுக்குள் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்குமாம். அதை வைத்து அவரைப் பக்திமான் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

டிராக்டர் டிரைவர் சந்தனப் பத்தையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "அப்ப கார்ப்பரேட்டர் இல்லையா?" என்று மனம் உடைந்து கேட்டார். மிதவையில் பொத்தல் இருந்ததைச் சொன்னதும் கொஞ்சம் தெம்பானார். அன்று நெடுங்காடு போய், திரும்பி, மறுபடியும் கடையைத் தாண்டினோம். கூட்டமாக வெளியே வந்து நின்று கையை ஆட்டினார்கள். நிற்காமல் போனது அவர்களுக்கு வருத்தம்தான்.

இனி அத்தையிடம் யார் சொல்வது? இவர், "நீயே சொல்லிடு. நீதான் கண்டுபிடிச்ச" என்று பெருந்தன்மையாக விலகிக்கொண்டார். சொன்னேன். மூடியைக் கையில் கொடுத்து, ஓட்டையைக் காட்டி, பால் டின்னையும் எடுத்துவந்து விளக்கினேன். அத்தை மூடியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"அப்ப எம்புள்ளய சாராயக்கட வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனது நான்தாங்கிற?"

"நீங்க இல்லத்தே. சந்தனம்."

"நான் வச்சது பொட்டு. பொட்டு வைக்கிற எடத்துல ஓட்டய வச்சவன் எவன்?"

மறுநாளிலிருந்து சந்தனம் ஹெட்லைட்டுக்கு இடம் மாறியது. வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. ராத்திரியில் நாங்கள் மெதுவாகப் போய்க்கொண்டோம். ஊர் தானாகவே வேறு முடிவுக்கு வந்திருந்தது: அத்தை சனிபகவானுக்கு எள்விளக்குப் போட்டதில் மகனும் மருமகளும் குடியை விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா எந்தக் கிழமை, எத்தனை வாரம் என்று வந்து விசாரித்துவிட்டுப் போனார். அத்தை கொஞ்சமும் தயங்காமல் சொல்லிக்கொடுத்தார்.

கார்ப்பரேட்டர்மேல் எங்களுக்கு இருந்த ஆசை மட்டும் போகவில்லை. எண்பதுகளில் பிள்ளைகள் பிறந்து, வீடு சந்தையாகிவிட்ட பிறகும், ஐப்பசி அடைமழையில் வெளியே போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். "ஒருதடவ கழுவிப் போட்ருவமா?" என்பார். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் சாக்கை விரித்துவிடுவோம். பிள்ளைகள் மண்ணெண்ணெய் வாடைக்குப் பயந்து கிட்டே வராது. ஒரு பொழுது முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும் தேய்த்து, ஊதி, பேசிக்கொண்டே இருப்போம்.

அப்படிக் கழுவிப் பூட்டிய மறுநாள் வண்டி பெரும்பாலும் கிளம்பாது. அவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவார்.